வீட்டு வைஃபையை ஸ்கேன் செய்ய முடியவில்லையா? அட்மின் அனுமதிச் சிக்கலைத் தீர்க்கும் வழி

வீட்டு வைஃபையில் என்னென்ன சாதனங்கள் இணைந்திருக்கின்றன என்று பார்க்க ஒரு ஸ்கேனர் மென்பொருளை இறக்குகிறீர்கள். ஓட்டிப் பார்த்தால் ரூட்டரும் உங்கள் கணினியும் மட்டும் தெரிகின்றன. டிவி, பிரிண்டர், வீட்டார் ஃபோன்கள் எதுவும் பட்டியலில் இல்லை. சிலருக்கு ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வந்து அதோடு நின்றுவிடும். இன்னும் சிலருக்கு இறக்கிய கோப்பே காணாமல் போயிருக்கும்.

இதற்குத் தீர்வு தேடினால் திரும்பத் திரும்பக் கிடைக்கும் அறிவுரை, ஃபயர்வாலை அணை, ஆன்டிவைரஸை அணை, எல்லாவற்றையும் அட்மினாக, அதாவது கணினியின் நிர்வாகி உரிமையோடு, ஓட்டு என்பதுதான். நான் இதோடு நிறைய மல்லுக்கட்டியவன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன்: அணைப்பதால் பெரும்பாலும் எதுவும் தீராது. நெட்வொர்க்கின் சொந்தக்காரர் தர வேண்டிய அனுமதி ஒன்று, விண்டோஸ் தர வேண்டியது ஒன்று, ரூட்டர் தர வேண்டியது இன்னொன்று. எது இல்லை என்று தெரியாமல் மற்றதையெல்லாம் திறந்துவிட்டால் கணினியின் பாதுகாப்புதான் போகும், ஸ்கேன் அப்படியே நிற்கும்.

விண்டோஸ் 11ஐ வைத்து எழுதுகிறேன். விண்டோஸ் 10க்கும் பெரும்பாலானவை பொருந்தும், ஆனால் அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மெனுக்களின் பெயரைத் திரையில் தெரிகிறபடியே ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறேன். கட்டளைகளை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. நெட்வொர்க் யாருடையது?

இணைய ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருந்தால் சரி, அடுத்த படிக்குப் போங்கள். ஆனால் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த நம்மவர்கள் பலர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்குகிறோம். வைஃபை வீட்டுக்காரருடையது. கடவுச்சொல் கொடுத்தார் என்பதற்காக அவர் வீட்டுச் சாதனங்களை ஆராயவும் அனுமதி கொடுத்தார் என்று ஆகாது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேட்டுவிடுங்கள்:

“அங்கிள், நெட் அடிக்கடி ஸ்லோ ஆகுது. வைஃபைல என்னென்ன கனெக்ட் ஆகியிருக்குன்னு என் லேப்டாப்புல ஒருமுறை ஸ்கேன் பண்ணிப் பார்க்கலாமா? லிஸ்ட்டை உங்களுக்கும் அனுப்புறேன்.”

அவர் ‘சரி’ என்று பதில் போட்டால் அதை அழிக்காமல் வையுங்கள். இந்த வழிகாட்டியில் உள்ள ஆவணங்களில் முக்கியமானது அதுதான்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இங்குள்ள கணினி முறைகேட்டுச் சட்டப்படி, அனுமதியின்றி ஒரு கணினியில் உள்ள தகவலை அணுகினால் முதல் குற்றத்துக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். பக்கத்து வீட்டு வைஃபையைக் கேட்காமல் பயன்படுத்தியதற்காக 17 வயதுப் பையன் ஒருவர்மீது 2006இலேயே வழக்குப் பதிவானது. அடுக்குமாடி வீட்டில் அண்டை வீட்டாரின் வைஃபை பத்துப் பதினைந்தாவது கண்ணில் படும். உங்களுடையது அல்லாத எதையும் தொடாதீர்கள்.

வேலையிடத்து மடிக்கணினியிலும் இதை முயல வேண்டாம். ஸ்கேனர் ஓடினால் ஐடி பிரிவுக்கு எச்சரிக்கை போகக்கூடும். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு அதற்கு விளக்கக் கடிதம் எழுதுவதெல்லாம் தேவையில்லாத தலைவலி. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் கற்றல் சாதனமும் அப்படித்தான். அதில் சாதன மேலாண்மைச் செயலி இருக்கும், உங்களுக்கு முழு அட்மின் உரிமை இருக்காது, அதை நீக்கப் பார்ப்பதும் தவறு. வீட்டுக்கென்று சொந்தமாக இருக்கும் கணினியை எடுங்கள்.

2. கையோடு எடுத்து வைக்க வேண்டியவை

ரூட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரலிலிருந்து இங்கு விற்கப்படும் வைஃபை ரூட்டர்கள் குறைந்தபட்சப் பாதுகாப்பு விதிகளை நிறைவேற்றியாக வேண்டும். எல்லா ரூட்டருக்கும் பொதுவான கடவுச்சொல் வைப்பது அதில் கிடையாது. ஆகவே ‘அட்மின், அட்மின்’ என்று போட்டுப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள், ஸ்டிக்கரைப் பாருங்கள்.

அடுத்து, கணினியின் அட்மின் கணக்கு யாருடையது, அதன் கடவுச்சொல் என்ன என்பது. அப்பாவோ அண்ணனோ கணினியை முதலில் அமைத்திருந்தால் அது அவர்களிடம்தான் இருக்கும்.

மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் மீட்புக் குறியீடு. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பிலும் பல மடிக்கணினிகளில் வட்டு தானாகவே மறைகுறியாக்கப்பட்டிருக்கும். கணக்குகளிலோ ரீசெட்டிலோ கை வைக்கும் முன், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அந்த 48 இலக்க எண்ணை எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். கணினி ஒருநாள் அந்த எண்ணைக் கேட்டு, அது உங்களிடம் இல்லாவிட்டால், வட்டில் உள்ள படங்களும் ஆவணங்களும் போனதுதான்.

செலவு? நான் இங்கே சொல்லும் மென்பொருள் எல்லாம் வீட்டு உபயோகத்துக்கு இலவசம். கடையில் கொடுத்துச் சரிசெய்ய வேண்டிய வேலையே இல்லை. நேரத்துக்கு, வார இறுதியில் அரை நாள் ஒதுக்குங்கள். வீட்டில் எல்லாரும் இருக்கும் நேரமாக இருந்தால் இன்னும் நல்லது, ஃபோன்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

3. மென்பொருளை எங்கிருந்து இறக்குவது

தேடல் முடிவில் மேலே விளம்பரமாக வருவதைச் சொடுக்காதீர்கள். ஸ்கேனர் தேடுபவர்களைக் குறிவைத்தே, உண்மைத் தளத்தின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் போலித் தளங்கள் நடத்துகிறார்கள். 2024இல் இப்படிப்பட்ட விளம்பரங்கள் வழியாகத் தீய மென்பொருள் பரவியது வெளிவந்தது. இதன் ஆபத்து சாதாரணமானது இல்லை, ஏனென்றால் இந்தக் கோப்புக்குத்தான் நீங்களே அட்மின் அனுமதி கொடுக்கப்போகிறீர்கள்.

எளிமையாகப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு ஃபோனில் ஃபிங், கணினியில் ஆங்ரி ஐபி ஸ்கேனர் அல்லது அட்வான்ஸ்டு ஐபி ஸ்கேனர். முழுமையாகப் பார்க்க என்மேப். அதை ஜன்னல் வடிவில் ஓட்டும் ஜென்மேப்பும் கூடவே வரும். எனக்குப் பிடித்தது என்மேப்தான். மற்றவை பட்டியலைக் காட்டுவதோடு சரி, இது எந்த வழியில் தேடியது, ஏன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லும்.

இறக்கியதும் கோப்பின்மேல் வலது சொடுக்கு, ப்ராபர்ட்டீஸ், அதில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ். அங்கே வெளியீட்டாளர் பெயர் இருக்கிறதா, கையொப்பம் செல்லும் என்கிறதா என்று பாருங்கள். கையொப்பமே இல்லாத கோப்பைத் திறக்காமல் நீக்கிவிட்டு, தளத்தின் முகவரியை மறுபடி சரிபாருங்கள்.

4. நீங்கள் அட்மின்தானா?

இங்கேதான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அட்மின் கணக்கில் உள்நுழைந்திருப்பது ஒன்று, ஒரு மென்பொருளை அட்மின் உரிமையோடு ஓட்டுவது வேறொன்று. உங்கள் கணக்கு அட்மின் கணக்காகவே இருந்தாலும், விண்டோஸ் எல்லாவற்றையும் சாதாரண உரிமையோடுதான் திறக்கும். கூடுதல் உரிமை வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்க வேண்டும். ஐகானில் வலது சொடுக்கி, ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுங்கள்.

அப்போது திரை மங்கி ஒரு பெட்டி வரும். அது என்ன கேட்கிறது என்று கவனியுங்கள். ‘யெஸ், நோ’ மட்டும் கேட்டால் உங்கள் கணக்கு அட்மின் கணக்கு. கடவுச்சொல் கேட்டால் உங்களுடையது சாதாரணக் கணக்கு. இந்த ஒரு சோதனை போதும், வேறெங்கும் போய்த் தேட வேண்டாம்.

சாதாரணக் கணக்கு என்றால், அதை அட்மினாக மாற்றச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள். அட்மின் கணக்கு வைத்திருப்பவரை அழைத்து, அந்தப் பெட்டியிலேயே அவர் கடவுச்சொல்லைத் தட்டச் சொல்லுங்கள். அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் உரிமை கிடைக்கும். வேலையும் முடியும், பிள்ளைகள் பயன்படுத்தும் கணக்கும் பாதுகாப்பாக இருக்கும். நிரந்தரமாகவே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அட்மின் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போய் ‘சேஞ்ச் அக்கவுன்ட் டைப்’ கொடுக்க வேண்டும்.

ஆனால் அட்மினாக இருந்தும் நிறுவ முடியவில்லை என்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள்.

ஒன்று எஸ் மோட். கண்காட்சிகளிலும் கடைகளிலும் விற்கும் விலை குறைந்த மடிக்கணினிகள் சில இந்த நிலையில் வரும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள செயலிகளைத் தவிர வேறெதையும் நிறுவ விடாது. செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் பக்கத்தில் பதிப்பின் பெயரோடு ‘எஸ் மோட்’ என்று இருந்தால் அதேதான். ஆக்டிவேஷன் பக்கம் வழியாக ஸ்டோருக்குப் போய் இலவசமாக வெளியேறலாம், சில நிமிட வேலை. ஒருமுறை வெளியேறினால் திரும்ப முடியாது. இதற்குப் பணம் கேட்கும் கடையிலிருந்து கணினியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று, பழைய கணினி வாங்கியவர்களுக்கானது. நான் வாங்கிய மடிக்கணினியில் என்னை வாட்டியது இதுதான். செட்டிங்ஸில் அங்கங்கே ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்ற வாசகம் இருக்கும். அக்கவுன்ட்ஸில் ‘ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்’ பக்கத்தைத் திறந்தால் நமக்குத் தெரியாத ஒரு நிறுவனக் கணக்கு உட்கார்ந்திருக்கும். முன்பு வைத்திருந்த நிறுவனம் அதைத் தன் பதிவிலிருந்து விடுவிக்காமலே விற்பனைக்கு விட்டிருக்கிறது என்று பொருள். ரீசெட் செய்தாலும் இணையம் கிடைத்ததும் அதே நிறுவனத்தின் உள்நுழைவுத் திரை வந்து நிற்கக்கூடும். அந்த நிறுவனம் விடுவித்தால்தான் இது முழுமையாகத் தீரும். ரசீதையும் அந்தத் திரையின் படத்தையும் எடுத்துக்கொண்டு விற்றவரிடம் போய், விடுவித்துக் கொடுங்கள் அல்லது பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேளுங்கள். பழைய கணினி வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் அங்கேயே இந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

யூஏசி எனப்படும் அந்த அனுமதிப் பெட்டியையே முழுக்க அணைப்பது, மறைந்திருக்கும் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ கணக்கை எழுப்பி அதிலேயே தினமும் வேலை செய்வது, இரண்டும் வேண்டாம். இரண்டிலும், தவறுதலாகத் திறக்கும் எந்தக் கோப்புக்கும் கேள்வி கேட்காமல் முழு உரிமை போய்விடும்.

5. என்பிகேப் சரியாக இருக்கிறதா?

விண்டோஸில் என்மேப் முழுத் திறனோடு இயங்க என்பிகேப் என்ற இயக்கி (டிரைவர்) வேண்டும். என்மேப்பை நிறுவும்போதே அதையும் நிறுவவா என்று கேட்கும். அவசரத்தில் அதைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. அது இல்லாவிட்டால் என்மேப் நின்றுவிடாது, ‘கனெக்ட்’ முறைக்கு இறங்கிவிடுகிறேன் என்று ஓர் எச்சரிக்கை காட்டிவிட்டு ஓடும். அந்த வரியைப் படிக்காமல் விட்டால், ஏன் பாதிச் சாதனங்கள் தெரியவில்லை என்பது புரியவே புரியாது.

காரணம் இதுதான். இயக்கி இருந்தால், ஒரே நெட்வொர்க்கில் உள்ள சாதனங்களை என்மேப் ஏஆர்பி வழியாகத் தேடும், அதாவது ‘இந்த ஐபி முகவரி யாருடையது?’ என்று நெட்வொர்க்கில் கேட்கும். நெட்வொர்க்கில் வேலை செய்ய வேண்டுமென்றால் எந்தச் சாதனமும் ஏஆர்பிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கனெக்ட் முறையிலோ 80, 443 ஆகிய போர்ட்டுகளில் (சாதனத்தின் எண்ணிட்ட இணைப்பு வாசல்கள்) இணைய முயன்று, பதில் வருகிறதா என்றுதான் பார்க்கும். ஃபயர்வால் உள்ள கணினியும் பல ஃபோன்களும் அதற்கு வாயே திறக்காது, எனவே பட்டியலில் வராது. மேக் முகவரியும் (சாதனத்தின் நெட்வொர்க் அடையாள எண், ஆப்பிள் மேக் அல்ல) தயாரிப்பாளர் பெயரும்கூட அப்போது தெரியாது. பட்டியலில் மேக் முகவரி ஒன்றுகூட இல்லை என்றால் சிக்கல் இந்தப் படியில்தான் இருக்கிறது.

என்பிகேப் நிறுவும்போது, அட்மின்களுக்கு மட்டும் அனுமதி என்று ஒரு தேர்வுப் பெட்டி வரும். வீட்டார் பகிர்ந்து பயன்படுத்தும் கணினி என்றால் அதை டிக் செய்வதுதான் நல்லது. அப்புறம் சாதாரணமாக ஓட்டும்போதும் அனுமதிப் பெட்டி வரும், அது கோளாறு அல்ல. பழைய வின்பிகேப் கணினியில் இருந்தால் நீக்கிவிடுங்கள். அது கைவிடப்பட்ட மென்பொருள். நீக்கி, என்பிகேப்பை மறுபடி நிறுவி, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் பாதிப் பேருக்கு இங்கேயே தீர்ந்துவிடும்.

6. அட்மினாக ஓட்டியும் சாதனங்கள் தெரியவில்லை என்றால்

இப்போது விண்டோஸை விட்டுவிட்டு நெட்வொர்க்கைப் பாருங்கள். கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று தட்டினால் உங்கள் கணினியின் ஐபி முகவரி வரும். 192.168.1.23 என்று இருந்தால் 192.168.1.0/24 என்ற வரம்பை ஸ்கேன் செய்ய வேண்டும், அதாவது 254 முகவரிகள். 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை, முதலில் இணைப்பைச் சரிசெய்யுங்கள். 192.168.56 என்று வந்தால் அது பெரும்பாலும் கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளின் கற்பனை நெட்வொர்க், தவறான அடாப்டரைப் பார்க்கிறீர்கள். ஊர்ச் சேனல் பார்க்கவோ வேலைக்காகவோ விபிஎன் போட்டிருந்தால் அணையுங்கள்.

சிங்கப்பூர் வீடுகளில் அடிக்கடி வரும் சிக்கல் இரட்டை ரூட்டர். ஃபைபர் கம்பி வந்து சேரும் பெட்டி சில வீடுகளில் தானே ரூட்டராகவும் வேலை செய்யும். அதன்மேல் நாம் கடையில் வாங்கிய மெஷ் ரூட்டரை மாட்டுவோம். வரவேற்பறை டிவி முதல் பெட்டியில், ஃபோன்கள் இரண்டாவதில். இரண்டும் தனித்தனி நெட்வொர்க், ஒன்றிலிருந்து மற்றொன்று ஒழுங்காகத் தெரியாது. டிவியின் செட்டிங்ஸில் ஐபி முகவரியைப் பாருங்கள். உங்கள் கணினியின் முகவரியோடு முதல் மூன்று எண்கள் பொருந்தாவிட்டால் இதுதான் காரணம். மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு (ரூட்டர் வேலையை விட்டு வைஃபையை மட்டும் தரும் முறை) மாற்றினால் எல்லாம் ஒரே நெட்வொர்க்குக்கு வந்துவிடும். மாற்றும்போது சில நிமிடம் இணையம் போகும், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் கூட்டத்தில் இருக்கும்போது செய்யாதீர்கள்.

அறை வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வீட்டுக்காரர் விருந்தினர் வைஃபையைக் கொடுத்திருந்தால், சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்கவிடாமல் ரூட்டர் தடுத்திருக்கும். எந்த அட்மின் உரிமையும் அதைத் திறக்காது. அது அவர் வைத்த பாதுகாப்பு, அப்படியே இருக்கட்டும். ரூட்டரின் இணைப்புப் பட்டியலை அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

7. ஃபயர்வாலும் டிஃபெண்டரும்

வீட்டு வைஃபையின் ப்ராபர்ட்டீஸில் நெட்வொர்க் வகை ‘பப்ளிக்’ என்று இருந்தால் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். சொந்த வீட்டில் மட்டும், காப்பிக்கடையில் அல்ல. பெரும்பாலும் ஃபயர்வாலில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் கோப்பைப் பிடித்து வைத்திருந்தால் விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரி’ பக்கத்தில் தெரியும். ஸ்கேனர்களைச் சில பாதுகாப்பு மென்பொருள்கள் ஊடுருவல் கருவி என்று பிடிப்பது வழக்கம். படி 3இல் சொன்ன கையொப்பம் சரியாக இருந்தால் அந்த ஒரு கோப்பை மட்டும் அனுமதியுங்கள். டவுன்லோட்ஸ் அடைவு முழுவதற்கும் விலக்கு கொடுக்காதீர்கள்.

8. மேக், ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்கு

மேக்ஓஎஸ் 15 முதல், உள்ளூர் நெட்வொர்க்கைத் தொட ஒவ்வொரு செயலியும் தனி அனுமதி கேட்கும். முதலில் ‘வேண்டாம்’ என்று அழுத்தியிருந்தால் ஸ்கேன் வெறுமையாக வரும், பிழைச் செய்தியும் இருக்காது. சிஸ்டம் செட்டிங்ஸ், பிரைவசி அண்டு செக்யூரிட்டி, லோக்கல் நெட்வொர்க் என்று போய் இயக்குங்கள். ஐஃபோனில் இதே அனுமதி ஐஓஎஸ் 14 முதல் உண்டு. மேக்கில் என்மேப்பை முழு உரிமையோடு ஓட்ட, டெர்மினலில் கட்டளைக்கு முன் சூடோ (sudo) சேர்க்க வேண்டும். கடவுச்சொல் தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது. தட்டிவிட்டு என்டர் அழுத்துங்கள்.

9. பட்டியல் வந்த பிறகு

தெரியாத பெயரைப் பார்த்ததும் யாரோ நுழைந்துவிட்டார் என்று பதற வேண்டாம். இன்றைய ஃபோன்கள் உண்மை மேக் முகவரியை மறைத்துத் தற்செயலான ஒன்றைக் காட்டும். முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ ஆகியவற்றுள் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் அது அப்படிப்பட்ட ஃபோன்தான். ‘எஸ்பிரெசிஃப்’ என்று வந்தால் ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக் வகையாக இருக்கும். பணிப்பெண்ணின் ஃபோன், வைஃபை உள்ள ஏர்கான், தாத்தா பாட்டியின் பழைய டேப்லெட் என்று வீட்டில் உள்ளவற்றை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாக அணைத்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். யார் யார் என்று தானே விளங்கும்.

சாதனங்களைக் கண்டுபிடிக்கும் ஸ்கேன் மட்டும் போதும், சில விநாடிகளில் முடிந்துவிடும். ஒவ்வொன்றிலும் 65,535 போர்ட்டுகளையும் பார்க்கச் சொன்னால் மணிக்கணக்கில் ஓடும். சில பிரிண்டர்கள் நடுவில் குப்பை எழுத்துகளைப் பக்கம் பக்கமாக அச்சடிக்கும்.

கடைசிவரை அடையாளம் தெரியாத சாதனம் ஒன்று இருந்தால் வைஃபை கடவுச்சொல்லை மாற்றுங்கள். மாற்றியதும் டிவி, பிரிண்டர், பல்பு எல்லாவற்றையும் மறுபடி இணைக்க வேண்டும், அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள். தற்காலிகமாகக் கொடுத்த அட்மின் உரிமையையும் டிஃபெண்டர் விலக்கையும் அன்றே திரும்ப எடுத்துவிடுங்கள்.

இடையில் ‘உங்கள் வைஃபையில் யாரோ நுழைந்திருக்கிறார்கள், இணைய நிறுவனத்திலிருந்து பேசுகிறோம்’ என்று யாராவது அழைத்து, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியை நிறுவச் சொன்னாலோ அரசாங்க மின்னிலக்க அடையாளமான சிங்பாஸின் விவரம் கேட்டாலோ வைத்துவிடுங்கள். இந்த வேலைக்குச் சிங்பாஸ் எந்த இடத்திலும் தேவைப்படாது. சந்தேகம் இருந்தால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799ஐ அழைத்துக் கேளுங்கள். ஏற்கெனவே செயலியை நிறுவிவிட்டீர்கள் என்றால் உடனே இணையத்தைத் துண்டித்து, வேறொரு ஃபோனிலிருந்து முதலில் வங்கியை அழையுங்கள்.